தூண்டில் வளைவில் இரண்டு முறை உடைந்த ‘40 டன்’ மீன்பிடி ராடு: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய மீனவக் கிராமங்கள் பலவற்றில் கடல் அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவுகள் இருக்கின்றன. ஊர்க்காரர்கள் அதில் உட்கார்ந்து தங்கூஸ் (நைலான்) நரம்பைக் கையால் வீசிப் பிடிப்பார்கள். கொஞ்ச வருடமாக, வார இறுதிகளில் ராடும் (மீன்பிடிக் கம்பு) ரீலுமாக (நூல் சுற்றும் கருவி) வருகிறவர்களும் அங்கே அதிகம். கல்லிடுக்கில் சிறுமீன் ஒதுங்கும், அதைத் துரத்திக்கொண்டு பாரையும் சீலாவும் கரையோரம் வரும். விடியற்காலை ஒரு மணி நேரம்தான் நல்ல நேரம்.

இந்த ஆய்வில் வரும் நண்பர் முப்பதுகளில் இருக்கும் மென்பொருள் ஊழியர். நான் ராடுகளுக்குக் கைடு (நூல் ஓடும் வளையம்) மாற்றுவது, உடைந்த நுனியை ஒட்டித் தருவது போன்ற வேலைகளைச் செய்கிறேன். அவருடைய ராடு என் மேசைக்கு இரண்டு முறை உடைந்து வந்தது. முதல் முறை மீன் இருந்தது, இரண்டாம் முறை மீனே இல்லை. விற்ற கடை இரண்டுக்கும் அவரையே காரணம் சொன்னது. அவரோ தயாரிப்பில் குறை என்று உறுதியாக நம்பினார். இரண்டுமே முழு உண்மை இல்லை என்பது துண்டுகளை வைத்துப் பார்த்தபோது தெரிந்தது. கார்பன் ராடு வாங்க நினைக்கிறவர்களுக்கு இது உதவும் என்பதால், அவர் சம்மதத்தோடு நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பழைய ராடும் புதிய ராடும்

அவர் முதலில் வைத்திருந்தது கண்ணாடி இழையில் செய்த 8 அடி ராடு. எடை 300 கிராமுக்கு மேல். அதை அவர் படுத்தாத பாடு இல்லை. கல்மேல் விழுந்திருக்கிறது, பைக்கில் கட்டிய கயிறு இறுக்கியிருக்கிறது, ஒரு முறை கார் கதவில் நுனி மாட்டியும் உடையவில்லை. குறை என்னவென்றால், ஒரு மணி நேரம் லூர் (செயற்கை இரை) வீசினால் மணிக்கட்டும் தோளும் வலிக்கும். தூரமும் போகாது.

அதற்கு மாற்றாக வாங்கியது 9 அடி 6 அங்குல, இரண்டு துண்டு கார்பன் ராடு. எடை 138 கிராம். அடிப்பகுதியில் அச்சிட்டிருந்தவை: லூர் 8 முதல் 35 கிராம், நூல் பிஇ 0.8 முதல் 1.5 (பிஇ என்பது பின்னல் நூலின் தடிமனைக் குறிக்கும் எண்), கார்பன் 99 சதவீதம். பெட்டியில் பெரிய எழுத்தில் ‘40 டன்’. கடையில் அவரிடம் சொன்ன வார்த்தை, “24 டன்னைவிட 40 டன் ஸ்ட்ராங் சார்.” இந்த ஒரு வாக்கியத்தில்தான் பிரச்சினை தொடங்கியது என்று நினைக்கிறேன்.

வாங்கியதும் அவருக்குக் கிடைத்த மகிழ்ச்சி நியாயமானதுதான். அதே 30 கிராம் ஜிக் (ஈய உடம்புள்ள லூர்) கண்கூடாக அதிக தூரம் போனது. லூர் மணலில் தட்டுகிறதா கல்லில் தட்டுகிறதா என்று கையிலேயே தெரிந்தது. காலை முழுக்க வீசினாலும் தோள் வலிக்கவில்லை.

இதற்கெல்லாம் காரணம் எடைக்கு எவ்வளவு விறைப்பு கிடைக்கிறது என்பது. கண்ணாடி இழையின் விறைப்பு 72 கிகாபாஸ்கல் அளவில் இருக்கும், அடர்த்தி சுமார் 2.5. சாதாரண கார்பன் இழைக்கு விறைப்பு 230, அடர்த்தி 1.8. ஒரே எடைக்குக் கணக்குப் போட்டால் கார்பன் நான்கரை மடங்கு விறைப்பு. 40 டன் வகை என்றால் ஏழு மடங்கைத் தாண்டும். நுனி எடை குறைந்து விறைப்பாக இருந்தால், வீசி முடித்ததும் அது சட்டென்று நிமிர்ந்து நின்றுவிடுகிறது. கண்ணாடி இழை நுனி மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும், அந்த ஆட்டத்தில் நூல் கைடில் உரசி வேகத்தை இழக்கும். கையில் உணர்வு தெரிவதும் இதனால்தான். கனமான, தளர்ந்த கம்பு சின்ன அதிர்வை வழியிலேயே விழுங்கிவிடும்.

முதல் உடைவு

சில வாரங்கள் கழித்து, மூன்று கிலோ மதிக்கத்தக்க பாரை மாட்டியது. மீனை வளைவின் கல்லடி வரை நன்றாகவே கொண்டுவந்திருக்கிறார். கையில் வலை இல்லை. கீழே இறங்கினால் பாசியில் வழுக்கும். அதனால் நின்ற இடத்திலேயே ராடைத் தலைக்குப் பின்னால் சாய்த்து, மீனைத் தண்ணீரிலிருந்து தூக்கப் பார்த்தார். பக்கத்தில் நரம்பு போட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், “தூக்காத தம்பி, அலை வரும்போது அதோட கூட்டிட்டு வா” என்று சொல்லியிருக்கிறார். சொல்லி முடிப்பதற்குள் நுனியிலிருந்து 42 சென்டிமீட்டரில் உடைந்துவிட்டது. மீனும் போய்விட்டது.

ராடு என்னிடம் வந்தபோது உடைந்த முனைகள் நார் நாராகப் பிளந்திருந்தன. நீளவாக்கில் ஒரு விரிசல் ஏழெட்டு சென்டிமீட்டருக்கு ஓடியிருந்தது. மேற்பரப்பில் பழைய அடி எதுவும் அங்கே இல்லை. அளவுக்கு மீறி வளைந்து நசுங்கி உடைந்தால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். அடிபட்ட இடம் உடைந்தால் குறுக்கே சுத்தமாக முறியும். இதை முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது, நல்ல துப்பு என்று எடுத்துக்கொள்ளலாம்.

ரீலையும் கொண்டுவரச் சொன்னேன். நூல் பிஇ 2. ராடில் எழுதியிருந்த உச்ச அளவு 1.5. பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசில் நூலைக் கட்டி இழுத்தால் டிராக் (பலமாக இழுத்தால் நூலை நழுவவிடும் ரீலின் பிடி) 5.2 கிலோவில்தான் நழுவியது. இந்த மெல்லிய ராடுக்கு அது மிக அதிகம். அதாவது ராடு, நூல், டிராக் மூன்றில் முதலில் தோற்கக்கூடியதாக ராடை வைத்திருந்தார். முதலில் தோற்க வேண்டியது டிராக், அப்புறம் நூல், கடைசியில்தான் ராடு. பிரெய்ட் என்ற இந்தப் பின்னல் நூல் தங்கூஸ்போல இழுபடாது. மீன் ஒரு உதறு உதறினால் அந்த அதிர்ச்சி அப்படியே கம்புக்குப் போகும்.

அந்த 40 டன் எதைச் சொல்கிறது

நண்பரின் கேள்வி நேரானது. “ஸ்ட்ராங்கான கார்பன்தானே, எப்படி உடையும்?”

டன் என்பது இழையின் விறைப்பைக் குறிக்கும் எண். ஒரு சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை டன் என்று கணக்கு. 24 டன் என்றால் சுமார் 235 கிகாபாஸ்கல், 40 டன் என்றால் சுமார் 390. உடையாமல் எவ்வளவு தாங்கும் என்பதை அது சொல்லாது. ஜப்பானின் டோரே நிறுவனத்தின் இழைகளையே எடுத்துக்கொள்வோம். டி700எஸ் என்ற இழையின் விறைப்பு 230 கிகாபாஸ்கல், அறுவதற்கு முன் 2.1 சதவீதம் நீளும். எம்40ஜே என்ற இழையின் விறைப்பு 377, ஆனால் 1.2 சதவீதத்திலேயே அறுந்துவிடும். விறைப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறியது, நீளும் திறன் ஏறக்குறைய பாதியானது. கடையில் கேட்ட வாக்கியம் இந்த இடத்தில் தலைகீழாகிறது.

வளைகிற கம்பின் வெளிப்பக்கம் நீள்கிறது, உள்பக்கம் அமுங்குகிறது. எவ்வளவு என்பதை எளிதாகக் கணக்கிடலாம்: கம்பின் ஆரத்தை வளைவின் ஆரத்தால் வகுத்தால் போதும். 2 மில்லிமீட்டர் ஆரம் உள்ள இடத்தை 20 சென்டிமீட்டர் ஆர வளைவுக்குக் கொண்டுவந்தால் மேற்பரப்பு 1 சதவீதம் நீளும். முதல் இழைக்கு அது பாதி தூரம்கூட இல்லை. இரண்டாவது இழைக்கு அது எல்லைக்கு ஒட்டி. போதாததற்கு, கார்பன் கலவை இழுவையைத் தாங்கும் அளவுக்கு அமுக்கத்தைத் தாங்காது. வளைவின் உள்பக்கம்தான் பல நேரம் முதலில் கைவிடும்.

இன்னொரு விஷயம் சுவரின் தடிமன். ராடு என்பது உள்ளே வெற்றிடமான குழாய். பிசினில் ஊறிய கார்பன் தாளை அளவாக வெட்டி, கூம்பான எஃகுக் கம்பியின் மேல் சுருட்டி, நாடாவால் இறுக்கிச் சுற்றி, அடுப்பில் வேகவைத்து, கம்பியை உருவி எடுப்பார்கள். விறைப்பான இழை கிடைத்தால் அதே வளைவுக்குக் குறைந்த தாள் போதும். அதனால்தான் எடை குறைகிறது. 24 டன்னிலிருந்து 40 டன்னுக்குப் போய், வெளி விட்டமும் மொத்த விறைப்பும் மாறக்கூடாது என்று வைத்தால், சுவர் 40 சதவீதம் மெலியலாம். ஸ்ட்ராவை வளைத்தால் ஓரிடத்தில் தட்டையாகி மடங்குகிறது அல்லவா, ராடு உடைவதும் பல நேரம் அப்படித்தான். அந்தத் தட்டையாதலைத் தடுப்பது சுவரின் தடிமன். அதுவும் தடிமனின் மும்மடியாக வேலை செய்யும். 0.6-ஐ மூன்று முறை பெருக்கினால் 0.216. அதாவது தட்டையாவதை எதிர்க்கும் திறன் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும்.

நல்ல தயாரிப்பாளர்களுக்கு இது தெரியாமல் இல்லை. நீளவாக்கில் போகும் இழையோடு, சுற்றுவாக்கில் ஓடும் இழையையும், முறுக்கத்தைத் தாங்க 45 பாகையில் சாய்த்த இழையையும் சேர்ப்பார்கள். சிலர் உள்ளே மெல்லிய கண்ணாடி இழை வலையை வைப்பார்கள். 40 டன் என்று போட்ட ராடில் எல்லா அடுக்கும் 40 டன்னாக இருப்பதும் அபூர்வம், பல நேரம் ஓரிரு அடுக்குதான். ஆகவே ஒரே எண் போட்ட இரண்டு ராடுகள் ஒரே மாதிரி இருக்க வேண்டியதில்லை. ‘கார்பன் 99 சதவீதம்’ என்பதும் கார்பனின் பங்கைத்தான் சொல்கிறது. எந்த வகைக் கார்பன், எப்படி அடுக்கியது என்பதைச் சொல்லாது. வாங்குகிறவர் பார்க்க முடிகிற ஒரே நேர்மையான தகவல், கம்பில் அச்சிட்ட லூர் எடையும் நூல் அளவும்தான். நண்பர் மீறியிருந்ததும் அதில் நூல் அளவைத்தான்.

கார்பன் மீன்பிடிக் கம்புக்குள் எப்படி வந்தது என்பதையும் நினைவில் வைப்பது நல்லது. டோரே 1971-ல் கார்பன் இழையை வணிக அளவில் செய்யத் தொடங்கியது. அடுத்த ஆண்டே ஜப்பானில் அயு மீன் பிடிக்கும் ராடுகளில் அது பயன்பட்டது. அயு ராடு மிக நீளமானது. ஆற்றில் நின்றுகொண்டு நாள் முழுக்கக் கையில் ஏந்திப் பிடிக்க வேண்டும். அங்கே ஒவ்வொரு கிராமும் முக்கியம். அமெரிக்காவில் ஷேக்ஸ்பியர் நிறுவனம் 1976-ல் கொண்டுவந்த அக்லி ஸ்டிக், கண்ணாடி இழையையும் கார்பனையும் கலந்தது. கனம் கூடினாலும் பரவாயில்லை, உடையக்கூடாது என்பது அதன் வழி. இரண்டுமே சரியான ராடுகள். நிற்கிற இடம்தான் வேறு.

முதல் முடிவும் அதன் காரணமும்

உடைந்த ராடுக்கு மூன்று வழிகள் இருந்தன. உடைந்த இடத்திலேயே நுனி வளையத்தை ஒட்டிவிடலாம், ஆனால் 42 சென்டிமீட்டர் குறைந்தால் அது வேறு ராடு. மிச்சமிருக்கும் கம்பு கட்டை மாதிரி விறைத்து, சின்ன லூரை வீச முடியாது. இரண்டாவது வழி, உள்ளே கார்பன் துண்டைச் செருகி எப்பாக்ஸியில் ஒட்டி, வெளியே நூல் சுற்றுவது. அது வேலை செய்யும், ஆனால் ஒட்டிய இடம் விறைப்பாகி, அதன் ஓரத்தில் சுமை குவியும். மூன்றாவது, புது நுனித் துண்டு வாங்குவது. அது தனியாகக் கிடைத்ததால் நண்பர் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார். பழைய நுனியையும் ஒட்டித் தரச் சொன்னார். செருகிய துண்டின் இரு முனைகளையும் கூம்பாகத் தேய்த்து, விறைப்பு படிப்படியாக மாறும்படி செய்து கொடுத்தேன்.

நூலை பிஇ 1.2-க்கு மாற்றவும், டிராக்கை 2.5 கிலோவுக்கு வைக்கவும், நீண்ட கைப்பிடி வலை வாங்கவும் சொன்னேன். மூன்றையும் செய்தார்.

இரண்டாவது உடைவு

ஒரு மாதம்கூட ஆகவில்லை. 28 கிராம் ஜிக்கை வீசும்போது, நுனியிலிருந்து 71 சென்டிமீட்டரில் டப்பென்று முறிந்தது. மீன் இல்லை, எடை அளவுக்குள், நூலும் சரி. இந்த முறை அவர் கோபத்தோடு வந்தார். கடையில் மறுபடியும், “நீங்கதான் ஏதாவது பண்ணியிருப்பீங்க” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். எதையும் பார்க்காமல் அப்படிச் சொன்னது நியாயமில்லை.

உடைந்த முனை இந்த முறை குறுக்கே சுத்தமாக இருந்தது. பிளவு இல்லை. விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் உடைவின் விளிம்பில் கடுகளவு பள்ளம், அதைச் சுற்றி பூச்சு வெளிறியிருந்தது. மிச்சக் கம்பில் விரல் நகத்தை மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். இன்னும் இரண்டு இடத்தில் நகம் தட்டியது. பஞ்சை உருட்டித் தேய்த்தபோது அதில் ஒன்றில் பஞ்சு இழை மாட்டியது. மூன்று பள்ளங்களும் கம்பின் ஒரே பக்கத்தில், நாலைந்து சென்டிமீட்டருக்குள் இருந்தன.

இது கல்லில் விழுந்த அடி என்றால் பக்கம் மாறி, இடம் மாறி இருந்திருக்கும். எது திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் அடிக்கும்? ராடை எப்படிச் சுமந்துகொண்டு போவார் என்று செய்து காட்டச் சொன்னேன். ஜிக்கின் முள்ளை நுனித் துண்டில் இருந்த ஒரு கைடின் காலில் மாட்டி, நூலை இறுக்கிக்கொண்டு, கல்மேல் ஏறி இறங்கி நடப்பார். நூல் தளர்ந்தால் ஜிக் தொங்கி ஆடும். அதே கைடில் மாட்டித் தொங்கவிட்டால், ஜிக்கின் ஈய உடம்பு சரியாக அந்தப் பள்ளங்கள் இருந்த இடத்தில் வந்து மோதியது. ஒவ்வொரு அடியிலும் கம்பில் டிக் டிக் என்று சத்தம் கேட்டது. அவர் அதை மாதக்கணக்கில் கேட்டிருக்கிறார், பழைய ராடிலும். கண்ணாடி இழை அதைப் பொறுத்துக்கொண்டது. அது அறுவதற்கு முன் 4 சதவீதத்துக்கு மேல் நீளக்கூடியது, சுவரும் தடிமன். மெல்லிய சுவர் உள்ள விறைப்பான கார்பனில் அதே தட்டு உள்ளே சில இழைகளை முறித்து, அடுக்குகளைப் பிரித்துவிடுகிறது. வெளியே ஒன்றும் தெரியாது. அடுத்த நல்ல வீச்சில் மிச்சம் முறிகிறது.

ஆக முதல் உடைவுக்குக் காரணம் கோணமும் சுமையும். இரண்டாவதற்குக் காரணம் சுமந்த விதம். இரண்டிலும் தயாரிப்பில் குறை என்று சொல்ல எனக்கு எந்த அடையாளமும் கிடைக்கவில்லை. ஆனால் அந்த ராடை அந்த இடத்துக்குப் பரிந்துரைத்தது தவறு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

சுவரில் வைத்துப் பார்த்த சோதனை

கோணம் பற்றி அவருக்கு நம்பிக்கை வரவில்லை. “ராடை நிமிர்த்திப் பிடிச்சாதான் கைக்கு லேசா இருக்கு, அப்ப ராடுக்கும் லேசாத்தானே இருக்கணும்” என்றார். இந்த நினைப்பு பலருக்கும் உண்டு என்பதால் இதைச் செய்து பார்த்தோம். ஒட்டிய பழைய நுனியை அடிப்பகுதியில் பொருத்தி, வெள்ளைச் சுவருக்கு முன் நின்று, நூலின் முனையைத் தொங்கு தராசில் கட்டித் தரையோரம் பிடித்துக்கொண்டோம். இழுவை ஒரு கிலோவைத் தாண்டாமல் வைத்து, நூலுக்கும் ராடின் பிடிக்கும் இடையே உள்ள கோணத்தை மாற்றி மாற்றிப் படம் எடுத்தோம்.

45 பாகையில் வளைவு கம்பின் நடுவைத் தாண்டி அடிப்பகுதி வரை பரவியது. கைக்குக் கனமாக இருந்தது. 90 பாகையில் வளைவு மேல்நோக்கி ஏறியது. அதற்கும் மேல் போனபோது அடிப்பகுதி கிட்டத்தட்ட நேராகி, மேலே உள்ள மூன்றில் ஒரு பங்கு மட்டும் கொக்கியாக வளைந்தது. முதல் உடைவு நடந்த இடம் அந்தக் கொக்கிக்குள் விழுந்தது. அங்கேயே நிறுத்திக்கொண்டோம்.

கைக்கு லேசாக இருப்பதற்குக் காரணம், நூல் இழுக்கும் கோட்டுக்கும் கைக்கும் உள்ள தூரம் குறைந்துவிடுவது. அடிக்கம்பின் தடித்த பகுதி வேலையிலிருந்து விலகுகிறது. முழுச் சுமையும் பென்சிலைவிட மெல்லிய நுனிக்குப் போகிறது. கையின் உணர்வு இங்கே நேர் எதிரான தகவலைத் தருகிறது. படங்களைப் பார்த்ததும் அவருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

இரண்டாவது முடிவு

மூன்றாவது நுனித் துண்டு வாங்குவதை அவர் கைவிட்டார். நானும் அதையே விரும்பினேன். தூண்டில் வளைவுக்கு 24 டன் இழையை முதன்மையாகக் கொண்ட 9 அடி ராடு ஒன்றைத் தேடினோம். லூர் 15 முதல் 50 கிராம், நூல் பிஇ 1 முதல் 2, எடை 192 கிராம். விலை முந்தையதில் பாதிக்கும் கீழே. விற்றவர் ஏறக்குறைய மன்னிப்புக் கேட்கும் குரலில், “இது பழைய கார்பன்தான்” என்றார். கல்மேல் நின்று பிடிக்கிறவருக்கு அதுதான் பொருத்தம்.

40 டன் ராடைத் தூக்கிப் போடவில்லை. ஒட்டிய பழைய நுனியோடு அதை முட்டுக்காடு உப்பங்கழிக்கு ஒதுக்கினார். அங்கே கல் ஏறி இறங்க வேண்டாம், சின்ன லூர் போதும். கொடுவா மெதுவாக வாயில் வைத்துப் பார்க்கும் அந்த மெல்லிய தட்டலை உணர அந்த ராடு போல ஒன்று கிடையாது. டிராக் 1.2 கிலோவுக்கு மேல் வைப்பதில்லை என்று முடிவு.

வேலை செய்யும்போது வேறு இரண்டு விஷயங்களும் கண்ணில் பட்டன. கைடு கால்களில் துரு, ரீல் பிடிக்கும் இடத்தின் அலுமினிய வளையத்தில் வெள்ளைப் பொடி. கார்பனும் அலுமினியமும் உப்புநீரில் ஒன்றை ஒன்று தொட்டால் அலுமினியம் அரிபடும். நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து வைக்கச் சொன்னேன். இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. கோர்த்த ராடை நிமிர்த்திப் பிடித்தபடி நண்பரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வருவாராம். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். கிராமத் தெருக்களில் கம்பி தாழ்வாகப் போகும் இடங்கள் உண்டு. கடற்கரையை விட்டுக் கிளம்பும் முன்பே ராடைப் பிரித்து உறையில் போட வேண்டும், இடி இடித்தால் ராடைக் கீழே வைத்துவிட்டு வளைவை விட்டு வெளியே வர வேண்டும். இதில் பேச்சுக்கே இடமில்லை.

பின்னர் நடந்தது

ஒரு மீன்பிடிப் பருவம் கடந்தது. இரண்டு ராடுகளும் உடையவில்லை. 24 டன் ராடில் அலையோடு கூட்டிவந்து, வலையில் ஏந்தி, முன்பு இழந்ததைவிடப் பெரிய பாரை ஒன்றை எடுத்தார். அந்தப் பெரியவர் சொன்ன முறைதான்.

எல்லாம் லாபம் என்று சொல்ல முடியாது. வீச்சின் தூரம் குறைந்துவிட்டதாகச் சொல்கிறார், அது எதிர்பார்த்ததே. விடிந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் வீசினால் கை சோர்கிறது. டிராக்கைக் குறைத்ததற்கும் ஒரு விலை இருந்தது: ஒரு நல்ல மீன் கல்லடிக்கு ஓடி, கல்லில் ஒட்டியிருக்கும் கூரான கொட்டலசில் நூல் அறுந்து போய்விட்டது. டிராக்கை இறுக்கியிருந்தால் நிறுத்தியிருக்கலாமா என்று கேட்டார். நிறுத்தியிருக்கலாம்தான். ராடு அளவு அனுமதிக்கும் வரை டிராக்கைக் கொஞ்சம் ஏற்றி, நூல் முனையில் கட்டும் லீடர் நரம்பைத் தடித்ததாக மாற்றினோம். தராசில் பார்த்து 3 கிலோவில் நிறுத்தினோம். அந்த ராடின் அளவுக்கு அது தாங்கும்.

உப்பங்கழி ராடில் ஒட்டிய இடத்துக்குக் கீழே பூச்சில் ஒரு மெல்லிய வளையக் கோடு தெரிகிறது. பூச்சு மட்டும்தானா, அடியில் இழையும் விட்டிருக்கிறதா என்று நகத்தாலும் பஞ்சாலும் பார்த்ததில் ஒன்றும் மாட்டவில்லை. மாதம் ஒருமுறை பார்த்து வருகிறார்.

மாற வேண்டியவை

ராடு வாங்கும்போது கேட்கும் கேள்விகளின் வரிசை மாற வேண்டும். எங்கே நின்று பிடிக்கப் போகிறீர்கள், மீனைக் கடைசியில் எப்படி எடுப்பீர்கள், எவ்வளவு எடை வீசுவீர்கள் என்று முதலில் கேட்டுவிட்டு, டன் கணக்கைக் கடைசியில் பேசலாம். எண்ணை மட்டும் சொல்லி விற்கிற கடைகள் இதைச் செய்தால் பலருடைய பணம் மிஞ்சும்.

உடைந்தால் துண்டுகளை எறியக்கூடாது. முதல் உடைவில் தெறித்த ஒரு சின்னச் சில்லு கடலில் போய்விட்டது, அதனால் நசுங்கல் எந்தப் பக்கம் தொடங்கியது என்பதைப் பார்க்க முடியவில்லை. உடைந்த உடனே டிராக்கைத் தொடாமல் ரீலோடு கொண்டுவந்தால் அளந்து பார்க்க முடியும்.

ராடைச் சுமக்கும்போது ஜிக்கைக் கைடின் காலில் மாட்டவே கூடாது. பிடிக்குப் பக்கத்தில் முள் மாட்டும் வளையம் தனியாக இருக்கும், இல்லாவிட்டால் சில நூறு ரூபாய்க்குள் வாங்கிப் பொருத்தலாம். ஜிக்குக்குத் துணி உறை போட்டால் இன்னும் நல்லது. நண்பர் இப்போது ஜிக்கைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டுத்தான் கல்மேல் நடக்கிறார்.

என் பக்கத்தில், பழுதுக்கு வருகிற ஒவ்வொரு ராடோடும் நூல் அளவு, டிராக், வீசிய எடை, உடைந்தபோது ராடு இருந்த கோணம், கல்லா மணலா படகா என்ற ஐந்தையும் கேட்டு ஒரு சீட்டில் எழுதி ராடோடு கட்டிவிடுகிறேன். நண்பரின் 24 டன் ராடின் அடிப்பகுதியில் சின்னதாக ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது: பிஇ 1.5, டிராக் 3 கிலோ, வலை.